வெள்ளந்தி மெஷினும் ரெட்டைப் பிள்ளையும்

என்னை வேலையிலிருந்து வழியனுப்பி வைத்த அன்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மைக் அணைந்து கிடந்ததாம். ஆகவே அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் எங்கள் ஸ்கேன் சென்டரில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பிள்ளைகள் என்னை விடவில்லை. சட்டைப் பையில் அடங்குகிற ஸ்கேன் மெஷின் ஒன்று அங்கே வந்திறங்கியிருக்கிறது. செல்போனில் சொருகினால் படம் தெரிகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் காலத்தில் எப்படி அக்கா என்று கேட்டார்கள். எனக்கு வயது ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. டாக்டரம்மா சென்டரை வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனதால் நானும் கூடவே வேலையை விட்டு நின்றுகொண்டேன். அதற்குள் எனக்கு ஒரு காலம் வந்து, அது போயும்விட்டது. பேசத்தான் எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் சென்டர். என் வேலைக்கு உதவியாளர் என்று பெயர். ஊர் வைத்த பெயர் ஜெல்லக்கா. வயிற்றில் பசையைத் தடவுவது, ஸ்கேன் முடிந்ததும் துடைப்பது, தண்ணீர் குடிக்கச் சொல்வது, குடித்தவர்களை பாத்ரூமுக்குப் போகவிடாமல் தடுப்பது, இவைதான் வேலை. பத்தாவது படித்தவளுக்கு இது போதும்.

என்னை வேலைக்கு எடுத்த கதை சின்னது. "நீ நிறைய பேசுவியா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துரு" என்றார்.

முதல் சில மாதம் துடைப்பதிலும் மடிப்பதிலும் போனது. ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில், இந்த மெஷின் எப்படி உள்ளே பார்க்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். நான் கேள்வி கேட்டதே டாக்டரம்மாவுக்கு அதிசயம். இது பார்ப்பதில்லை, கேட்கிறது என்றார்.

"கிணத்துக்குள்ள எட்டிப் பாத்து 'ஏலே'ன்னு கூப்பிட்டிருக்கியா?"

தலையை ஆட்டினேன்.

"கூப்பிட்ட உடனே வாய மூடிருவல்லா? அப்பதான் கிணத்துப் பதில் கேக்கும். 'ஏஏஏலேஏஏ'ன்னு இழுத்துக்கிட்டே நின்னா உன் சத்தமும் அந்தச் சத்தமும் குழம்பிரும். இதுவும் அப்படித்தான். நம்ம காதுக்கு எட்டாத சத்தத்த ஒரு துளி போடும், வாய மூடும், காதக் குடுத்துக்கிட்டு இருக்கும். பதில் சீக்கிரம் வந்தா சாமான் மேலாக இருக்கு, மெதுவா வந்தா ஆழத்துல இருக்கு. பதில் வாரதுக்கு முந்தி அடுத்த சத்தத்தப் போட்டா எது எதுக்குப் பதில்னு தெரியாம முழிக்கும்."

ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்கிறது என்றாலும், மொத்த நேரத்தில் அது பேசுவது மிகக் கொஞ்சம்தானாம். மற்றதெல்லாம் கேட்பதுதான். எனக்கு அப்போதே அதைப் பிடித்துப் போயிற்று. அது என் இனம்.

வயிற்றில் வைத்து நகர்த்துகிற உருளைக்கு புரோப் என்று பெயர். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று தணிந்த சத்தம் போடுவது. அது ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் தெரியாது. இன்னொன்று கீச்சுச் சத்தம் போடுவது. தோலுக்குப் பக்கத்தில் இருப்பதைத் துல்லியமாகக் காட்டும், ஆழத்துக்குப் போகாது. கோயில் கொடைத் திருவிழாவில் தூரத்து மைக் செட்டைக் கேட்டால் டம் டம் என்ற அடி மட்டும்தான் வந்து சேரும், பாட்டின் வார்த்தை வராது, அதுதான் விஷயம் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து எங்களுக்குள் பெரிய புரோப்புக்கு 'டம் டம்', சின்னதற்கு 'கிண்கிணி'. ஒரு முறை வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் கட்டில் கிறீச்சிட ஏறிப் படுத்தார். டாக்டரம்மா அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டம் டம் எடு" என்றார். அது என்ன டம் டம் என்று அவர் விசாரித்தார். "பெரிய மனுஷங்களுக்குன்னு தனியா வச்சிருக்கோம் அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெல் என்பது மருந்தில்லை என்று ஊருக்குப் புரியவைக்கவே எங்களுக்குப் பல வருடம் ஆயிற்று. புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே இம்மி காற்று இருந்தாலும் சத்தம் அதில் முட்டித் திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் பசை. ஆனால் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர், ஸ்கேன் எடுத்த அன்று வயிற்று வலி நின்றதாகவும் அந்தப் பசையில் ஒரு டப்பா வேண்டுமென்றும் வந்து நின்றார். இல்லை என்றதும், நான் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருப்பதாகக் கோபித்துக்கொண்டு போனார்.

காற்று உள்ளே இருந்தாலும் இதே கதிதான். சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பசியில் பரோட்டாவை அடுக்கித் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். திரையில் பனி மூட்டம்தான் தெரியும். "மலையும் தெரியல, அருவியும் தெரியல. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவிடுவார்.

டாக்டரம்மாவின் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் ஜெல் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் நிற்க வைக்கச் சொல்வார். குளிர்ந்த பசை பட்டால் வயிறு இறுகும், படம் கெடும். புரோப்பை வைத்த பிறகு நோயாளியிடம் பேச மாட்டார், மெஷினோடுதான் பேச்சு. "அப்படியா? நிசமாவா? எங்க, இந்தப் பக்கமிருந்து சொல்லு" என்று முணுமுணுப்பார். எதைப் பார்த்தாலும் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்காமல் நம்ப மாட்டார். ஏனென்று கேட்டதற்கு, "மெஷினு வெள்ளந்தி. போன சத்தம் நேராப் போச்சு, வந்த சத்தம் நேரா வந்துச்சுன்னு நெனைச்சுக்கிடும். நடுவுல யாராவது அத வளைச்சு விட்டாலும் அதுக்குத் தெரியாது. நாமதான் குறுக்கு விசாரணை பண்ணணும்" என்றார்.

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது திரை டாக்டரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தோம். ஆனாலும் வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் என் முகத்தைத்தான் படிப்பார்கள். கூச்சத்தில் நான் குனிந்தால் ஒரு அர்த்தம், வேறு பக்கம் பார்த்தால் ஒரு அர்த்தம் என்று அவர்களாகவே ஒரு சாத்திரம் எழுதிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு அது பலித்தும்விட்டது. பலிக்காமல் எங்கே போகும்?

இனி கீழப்பாவூர்ப் பேச்சியம்மாள் வந்த நாளுக்கு வருகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வயல் வேலை செய்து முறுக்கேறிய உடம்பு. கூட மருமகள் செல்வி, இரண்டு மாதக் கர்ப்பம். மகன் மாரி லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலோடு நின்றுகொண்டான். முன்பே வேறொரு இடத்தில் அவசரமாக ஒரு ஸ்கேன் எடுத்து, ரெட்டை மாதிரி தெரிகிறது, எதற்கும் கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சியம்மாளின் காதில் 'ரெட்டை' வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் செல்வி ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைத் தின்றதாகவும், அன்றைக்கே தான் கணக்குப் போட்டுவிட்டதாகவும் வரவேற்பறையில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னார். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு விரதம் வேறு.

செல்விக்கு நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இளம் கர்ப்பத்தில் மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் சத்தம் அந்தத் தண்ணீர் வழியே சுளுவாகப் போய்வரும். அவள் குடித்துக்கொண்டே மாமியார் அசந்த நேரம் பார்த்து என் காதருகே வந்தாள். அவள் பிறந்தது திருவேங்கடத்துப் பக்கம், கரிசல் காடு. அருவி என்பதையே கண்ணால் பார்த்ததில்லை. மாசமாய் இருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது என்று மாமியார் கண்டித்திருக்கிறார். போன வாரம் மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, மாரியை நச்சரித்துப் பழைய குற்றாலத்துக்குப் போயிருக்கிறாள். பார்த்துவிட்டு வருவதாகத்தான் திட்டமாம். பார்த்தால் நிற்க முடியுமா? ஓரமாகத் தலையைக் கொடுத்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆயிருக்காதுல்லாக்கா?" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

உள்ளே டாக்டரம்மா புரோப்பை அடிவயிற்றின் ஓரத்தில் வைத்துத் தொடங்கினார். "அப்படியா? நிசமாவா?" என்று மெஷினோடு பேச்சு ஓடியது. அந்த ஓரம், இந்த ஓரம், நடு, திரும்ப ஓரம் என்று வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. கடைசியில் பேச்சியம்மாளை உள்ளே கூப்பிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, இதயம் அழகாகத் துடிக்கிறது, ஆனால் இருப்பது ஒன்றுதான் என்றார்.

பேச்சியம்மாள் டாக்டரம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வியின் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு எங்கட்டி?"

செல்வி என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி சீட்டுக்கு அடியில ஈரத்துண்டு கெடந்துச்சே, அது எந்த மழையில நனைஞ்சுது? நான் ஊர்ல இல்லாத அன்னைக்குப் புருசனும் பொண்டாட்டியும் அருவிக்குத்தானட்டி போனிய? ஒண்ண அங்கன கரைச்சு விட்டுட்டு வந்து நிக்கா. தெருவெல்லாம் ரெட்டைன்னு சொல்லியாச்சு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைய வீட்டுல வச்சிருக்க? நேரா திருவேங்கடத்துக்கு பஸ் ஏறிரு."

செல்விக்குக் கண் நிரம்பிவிட்டது. இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை, போனது உண்மை. பிள்ளையைத் தொலைத்ததும் தான்தானோ என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்தது. 'ஒன்றுதான்' என்று இன்னும் பத்துத் தடவை சொன்னாலும் அவளுக்கு அது உதவாது. துண்டை எடுக்கிற சாக்கில் டாக்டரம்மாவின் காதருகே குனிந்து, "அருவியில குளிச்சிருக்கா. தன்னாலதான்னு நெனைக்கா" என்றேன். ஸ்கேன் நடக்கும்போது யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கும் காட்டாத அந்தத் திரையைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பினார். இந்த மாதத்தில் ஆணா பெண்ணா என்று மெஷினுக்கே தெரியாது, தைரியமாகப் பாருங்கள் என்றார். புரோப்பை வயிற்றின் நடுக்கோட்டில் சரியாக வைத்ததும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பை, இரண்டிலும் ஒரு மினுக்கல். ஓரத்துக்கு நகர்த்தினார். ஒன்று. மறுபடி நடுவில். இரண்டு. வயிற்றின் நடுவே இரு பக்கமும் ஓடுகிற சதைப் பட்டை மூக்குக் கண்ணாடி மாதிரி சத்தத்தை வளைத்துவிடுகிறது, வெள்ளந்தி மெஷின் அதை நம்பி ஒன்றை இரண்டாகப் போட்டுக் காட்டுகிறது, அன்றைக்கு எடுத்தவர்களுக்கும் இதுதான் தெரிந்திருக்கிறது என்று விளக்கினார்.

பேச்சியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் ரெண்டும் இருக்கு. ஒண்ணு ஒளிஞ்சு ஒளிஞ்சு வெளையாடுது."

டாக்டரம்மா விடவில்லை. ரெட்டை என்றால் இரண்டு இதயமும் தனித்தனித் தாளத்தில் துடிக்கும், இது இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்கிறது, ஒன்றின் நிழல்தான் இன்னொன்று என்றார்.

"ஒத்துமையான பிள்ளைய" என்றார் பேச்சியம்மாள்.

நான் சுவரைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது டாக்டரம்மா வேறு முடிவுக்கு வந்திருந்தார். செல்வியை இறங்கச் சொன்னார். "நீங்க ஏறிப் படுங்கம்மா."

பேச்சியம்மாள் பதறிவிட்டார். தனக்கு எதற்கு, தன் வயதென்ன, வெளியே நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். பேரப்பிள்ளை விஷயம் தெளிவாக வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரம்மா கேட்டார். விரதம் இருக்கிற வயிறு, காற்று குறைவாக இருக்கும், படம் நன்றாக விழும் என்பது அவர் கணக்கு. நான் பசையைத் தடவினேன். "சூடாத்தான் இருக்கு" என்று கொஞ்சம் சமாதானமானார். செல்வியை பாத்ரூமுக்குப் போகலாம் என்று கை காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு அங்கேயே நின்றாள். அத்தனை டம்ளர் தண்ணீரோடு.

டம் டம்மைத் தொப்புளுக்கு மேலே குறுக்காக வைத்தார். திரையில் ஒரு கறுப்பு வட்டம் துடித்தது. இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக் குழாய், எந்த மனிதருக்கும் ஒன்றுதான் இருக்கும் என்று முதலில் சொல்லி வைத்தார். பிறகு நடுக்கோட்டைத் தேடி நகர்த்தினார். ஒன்று. கொஞ்சம் சாய்த்தார். ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் ஒன்று. "எல்லாருக்கும் வராது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். செல்வி என் முந்தியை மறுபடி பிடித்துவிட்டாள். வராமல் போனால், பார்த்தாயா, எனக்கு ஒன்று ஒன்றாகத்தானே தெரிகிறது, மெஷின் பொய் சொல்லவில்லை என்று மாமியார் எழுந்துவிடுவார். செல்வி பஸ் ஏற வேண்டியதுதான்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க."

பேச்சியம்மாள் மூச்சை இழுத்தார். வட்டம் மெல்ல அகன்று, பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நின்று துடித்தது.

"எனக்கு ரெண்டா?" பிடித்த மூச்சு அதோடு போயிற்று. ஒன்றாகிவிட்டது. மறுபடி இழுத்தார், இரண்டு. டாக்டரம்மா அவருடைய கையைப் பிடித்துப் புரோப்பின் மேல் வைத்து, தன் கையை எடுத்துக்கொண்டார். பேச்சியம்மாள் தானே நகர்த்தினார். ஒன்று, இரண்டு, ஒன்று. சாமி படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் வயிறு குலுங்கி, திரையில் வட்டங்கள் கும்மியடித்தன. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று நான்தான் புரோப்பை வாங்க வேண்டியிருந்தது.

பசையைத் துடைக்கும்போது அவர் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே கிடந்தார்.

"அப்பம் மொதல்லயிருந்தே ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா.

"யாரும் எதையும் தொலைக்கல."

"இல்லாதத எப்படித் தொலைக்க?"

பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். செல்வியைப் பார்த்தார். "குளிச்ச கதைய வீட்டுல வச்சுப் பேசிக்கிடுதேன். ஓடுட்டி, நெளிஞ்சுக்கிட்டு நிக்கா." செல்வி ஓடிய ஓட்டத்தில் கதவு சுவரில் மோதியது.

ஆனால் பேச்சியம்மாள் கிளம்பவில்லை. தெருவெல்லாம் ரெட்டை என்று சொன்ன வாயால் இனி ஒன்று என்று எப்படிச் சொல்வது? அருவிச் சங்கதி ஏற்கெனவே எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியுமாம். ஒன்று என்றதும், இன்னொன்று எங்கே என்று அவள் செல்வியைத்தான் கேட்பாள். அதனால் தன்னுடைய இரண்டு குழாய்ப் படத்தை அச்செடுத்துத் தர வேண்டும் என்றார். "மெஷினு இப்படித்தான் காட்டும்னு படத்தக் காட்டிச் சொல்லிருதேன். யாரும் எம் மருமவள ஒரு வார்த்த கேக்கக் கூடாதுல்லா?" டாக்டரம்மா பட்டனை அழுத்தினார்.

இரண்டு வாரம் கழித்து டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த கீழப்பாவூர்க்காரி ஒருத்தி பின் சீட்டுக்காரியிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கள் தெருவில் மருமகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ரெட்டையாம். இந்த வயதில். படத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவர்கள் வந்தபோது கூட்டம் நெரிந்தது. கீழப்பாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேச்சியம்மாளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது மைனி, உங்களுக்கு எத்தனையாவது மாசம் என்று அக்கறையாக விசாரித்தாள். நாற்காலிகளில் இருந்த அத்தனை கண்ணும் பேச்சியம்மாளின் வயிற்றுக்குப் போயிற்று. நான் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பேச்சியம்மாள் அவசரப்படவில்லை. செல்வியின் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தார்.

"எனக்கு வந்த ரெண்டையும் அன்னைக்கே பசையோட தொடைச்சு விட்டுட்டாவ. இவளுக்குத்தான் அஞ்சு" என்றார்.